வண்டிப் படியும் வருமான வரியும்

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்தது. இன்று அது நம் பழைய மாணவர் பலருடைய சம்பளச் சிட்டையிலும் ஒரு வரியாக இடம்பெற்றுவிட்டது. சம்பளத்தோடு வண்டிப் படியும் பெறுவோர், “வண்டிக்கென்றே தந்த பணத்துக்கும் வரியா?” என வினவுவதுண்டு. அவ்வினாவுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2018 ஏப்ரல் 1 ஆந் திகதி நடைமுறைக்கு வந்த, 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம், ஊழிய வருமானத்துள் சம்பளம், கூலி ஆகியவற்றோடு பயணப் படியையும் அடக்குகின்றது. ஆகவே, தொழில்தருநர் மாதந்தோறும் ஒரே தொகையாக அளிக்கும் வண்டிப் படி, பெயரால் வேறாயினும் பொருளாற் சம்பளமே. அதனை எரிபொருளுக்கே செலவிட்டோம் என்பதனாற் பயனில்லை. ஊழிய வருமானத்திலிருந்து அச்செலவைக் கழித்துக்கொள்ள இடமில்லை.

நிற்க. தொழில்தருநரின் பொருட்டு ஊழியர் செய்த செலவை மீள அளித்தல் இதனின் வேறானது. பூவரசங்குளத்தில் வசிக்கும் உத்தியோகத்தர் ஒருவர் வவுனியாவிலுள்ள தம் அலுவலகத்துக்குப் போய்வருதல் அவரது சொந்தப் பயணம். அங்கிருந்து அலுவலகக் கருமமாக மன்னாருக்குச் சென்று, பற்றுச்சீட்டைக் கொடுத்து, செலவான தொகையை மட்டும் பெறுவாராயின் அது வருமானமாகாது. கைவிட்டுப் போன பொருள் மீண்டதேயன்றிப் புதுப்பொருள் வந்ததில்லை. இனி, தொழில்தருநர் வண்டியையே கொடுத்துச் சொந்தத் தேவைக்கும் பயன்படுத்த விடுவாராயின், அதுவும் ஒரு நன்மையாம். ஆணையாளர் நாயகம் குறித்துரைக்கும் பெறுமதி வருமானத்தோடு சேரும்.

வரியின் அளவு யாது? 2025 ஏப்ரல் 1 முதலான விதிப்படி, ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபா தனிநபர் நிவாரணமாக விலக்கப்படும். அதன்மேல் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதமும், அடுத்துவரும் மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதமும், எஞ்சியதற்கு 36 வீதமும் வரியாகும்.

மாதம் 1,50,000 ரூபா சம்பளம் பெறுபவர்க்கு வேறு வருமானம் இல்லையெனில் வரியில்லை. அவர்க்கு 50,000 ரூபா வண்டிப் படி கிடைக்குமாயின், ஆண்டில் 6 இலட்சம் கூடி, 36,000 ரூபா வரி உண்டாகும். மாதத்துக்கு 3,000 ரூபா. மாதம் 2,50,000 ரூபா சம்பளம் பெறுபவரோ, அப்படியின்றி ஆண்டுக்கு 96,000 ரூபாவும், அப்படியோடு 2,22,000 ரூபாவும் செலுத்துவார். அவர்க்கு அதே 50,000 ரூபாவில் 10,500 ரூபா குறைகின்றது. படி ஒன்றாயினும், பெறுவோர் நிலைக்கேற்பக் கைக்கு வருவது வேறாகின்றது.

2023 சனவரி 1 முதல் இவ்வரியைத் தொழில்தருநரே சம்பளத்திற் கழித்துச் செலுத்தல் கட்டாயமாயிற்று. ஆதலின், முழுப் படியையும் நம்பி வண்டிக்குத் தவணைப்பணம் பேசுவோர் மாத முடிவில் இடர்ப்படுவர்.

புதிதாகத் தொழிலிற் புகும் இளைஞர் இரண்டு செய்க. நியமனக் கடிதத்திற் கண்டது படியா, செலவு மீளளிப்பா என்பதைக் கேட்டறிக. அலுவலகப் பயணங்களின் திகதி, இடம், தூரம், கருமம் ஆகியவற்றைக் கொப்பியொன்றிற் குறித்துப் பற்றுச்சீட்டுகளைப் பேணுக. சொல்லின் பொருளை ஆராய்தல் தமிழ் வகுப்பறைக்கு மட்டும் உரிய பயிற்சியன்று. கைச்சாத்திடுமுன்னும் அது வேண்டப்படுவதே.