எம்.ஐ.ஏ. என்ற மாதங்கி: வன்னிக்குக் கேட்காமல் போன பாட்டு

சில வருடங்களுக்கு முன்னர் வெளிநாட்டு ஊடகவியலாளர் ஒருவருக்கு மொழிபெயர்ப்பாளராக வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு வானில் போய்க்கொண்டிருந்தேன். மாங்குளம் தாண்டியதும் அவர் தன்னுடைய போனில் ஒரு பாட்டைப் போட்டார். பாட்டின் நடுவில் துப்பாக்கிச் சூட்டுச் சத்தம் நான்கு தடவை கேட்டது. வான் ஓட்டிய அண்ணை சட்டென்று பின்னால் திரும்பிப் பார்த்தார். "இவர் உங்கள் இனத்துப் பாடகிதானே, இங்குள்ள மக்கள் இவரைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்?" என்று அந்த ஊடகவியலாளர் என்னிடம் கேட்டார்.

ஊடகக் கற்கையில் பட்டம் எடுத்திருந்த எனக்கு அந்தப் பெயர் தெரியும். ஆனால், இங்குள்ள மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. அதற்குப் பிறகு கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எனக்குத் தெரிந்த பலரிடம் கேட்டுப் பார்த்தேன். பெரும்பாலானோர் அந்தப் பெயரையே கேள்விப்பட்டிருக்கவில்லை. உலகத்தில் மிக அதிகமானோர் கேட்ட ஈழத்தமிழ்க் குரல், யாரைப் பற்றிப் பேசியதோ அவர்களுக்குக் கேட்கவில்லை. அது எப்படி நடந்தது என்பதை விளங்கிக்கொள்ள அவருடைய இசைப் பயணத்தை ஆரம்பத்திலிருந்து பார்க்கவேண்டும்.

மாதங்கி அருள்பிரகாசம் 1975 இல் லண்டனில் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பியது. தந்தை அருளர் ஈரோஸ் இயக்கத்தின் ஆரம்பகர்த்தாக்களில் ஒருவர். 1977 வன்முறைக்குப் பிறகு கப்பலில் வடக்கே அனுப்பப்பட்ட அகதிகளைப் பற்றிய 'லங்கா ராணி' நாவலை எழுதியவர். மேற்குலக ஊடகங்கள் பல தடவைகள் அவரை விடுதலைப் புலிகளின் உறுப்பினர் என்று எழுதின. அது தவறு. ஈரோஸ் வேறு, புலிகள் வேறு என்பது எங்கள் ஊரில் ஒரு பிள்ளைக்கும் தெரிந்த விசயம். ஆனால், அந்த வேறுபாட்டை லண்டனிலும் நியூயோர்க்கிலும் விளங்கப்படுத்த மாதங்கிக்குப் பல வருடங்கள் எடுத்தன.

தந்தை பெரும்பாலும் வீட்டில் இருக்கவில்லை. யாழ்ப்பாணம், சென்னை என்று அலைந்து, பத்து வயது கடந்த நிலையில் தாயுடனும் சகோதரங்களுடனும் அகதியாக மறுபடியும் லண்டன் போனார். தென் லண்டனில் அரசாங்கத் தொடர்மாடி வீடு. தாய் கலா தையல் வேலை செய்து பிள்ளைகளை வளர்த்தார். மாதங்கி சென்ட்ரல் சென் மார்ட்டின்ஸ் கலைக் கல்லூரியில் திரைப்படம் படித்தார். அதாவது, அவர் முதலில் பாடகி அல்ல. படம் எடுக்கவும் ஓவியம் வரையவும் வந்தவர். 'இலாஸ்ரிக்கா' என்ற பிரித்தானிய ரொக் குழுவின் அல்பம் அட்டையை வடிவமைத்து, அவர்களுடைய இசைப் பயணத்தைப் படம் பிடிக்கப் போன இடத்தில்தான் 'ரோலன்ட் எம்.சி. 505' என்ற சிறிய தாள இயந்திரம் அவருக்கு அறிமுகமானது. வாத்தியம் வாசிக்கத் தெரியாத ஒருவர் தனியாக ஓர் அறையில் இருந்து பாட்டுக் கட்டக்கூடிய கருவி அது.

2003 இல் 'கலாங்' என்ற முதல் பாட்டு 500 பிரதிகள் மட்டும் இசைத்தட்டாக வெளிவந்தது. 2005 இல் முதல் அல்பம். அதற்கு அவர் வைத்த பெயர் 'அருளர்'. தந்தை தன்னுடைய பெயரை இணையத்தில் தேடினால் மகளிடம் வந்து சேரட்டும் என்று நினைத்ததாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். அந்த அல்பம் பிரித்தானியாவின் மேர்க்குரி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது.

அடுத்த அல்பத்துக்கு அமெரிக்காவில் தங்கி வேலை செய்யத் திட்டமிட்டிருந்தார். 2006 இல் அமெரிக்க விசா கிடைப்பதில் சிக்கல் ஏற்பட்டது. அவர் இந்தியா, ட்ரினிடாட், லைபீரியா, அவுஸ்திரேலியா என்று நாடு நாடாகப் போய் ஒலிப்பதிவு செய்தார். தாயின் பெயரில் 2007 இல் வந்த 'கலா' அப்படி உருவானது. அதன் முதல் பாட்டில் 'தளபதி' படத்துக்கு இளையராஜா போட்ட 'காட்டுக்குயிலு' பாட்டின் துண்டு ஒன்று வருகிறது. வேறு பாட்டுகளில் தமிழ்நாட்டு உறுமி மேளம் அதிர்கிறது. எங்கள் கலியாண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் ஒலிபெருக்கியில் போட்ட பாட்டு, நியூயோர்க் நடனக் கூடங்களுக்குப் போய்ச் சேர்ந்த வழி இது. அமெரிக்காவின் ரோலிங் ஸ்டோன் சஞ்சிகை அந்த வருடத்தின் சிறந்த அல்பமாக அதைத் தெரிவுசெய்தது.

நான் வானில் கேட்ட 'பேப்பர் பிளேன்ஸ்' அந்த அல்பத்தில்தான் இருக்கிறது. குடிவரவு பற்றி 'த கிளாஷ்' குழு 1982 இல் வெளியிட்ட ஒரு பாட்டின் இசைத்துண்டை எடுத்து, அதன்மேல் துப்பாக்கிச் சத்தத்தையும் கடையில் காசுப்பெட்டி திறக்கும் சத்தத்தையும் வைத்திருக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் எல்லோரும் கள்ள விசாக்காரர்கள், கொள்ளைக்காரர்கள் என்ற நினைப்பைக் கிண்டல் செய்யும் பாட்டு அது. அந்தச் சூட்டுச் சத்தத்தை எம்.ரி.வி. அப்படியே போட விரும்பாமல் மாற்றி ஒளிபரப்பியது. 'ஸ்லம்டோக் மில்லியனர்' படத்திலும் அந்தப் பாட்டு இடம்பெற்றது. 2008 இல் அமெரிக்கப் பாடல் தரவரிசையில் அது 4 ஆம் இடம் வரை போனது.

அந்த 2008 இன் கடைசியில் நாங்கள் கிளிநொச்சியை விட்டுத் தருமபுரம், விசுவமடு என்று கிழக்கே நகர்ந்துகொண்டிருந்தோம். 2009 ஜனவரி 2 ஆம் திகதி கிளிநொச்சி நகரமும், 25 ஆம் திகதி முல்லைத்தீவு நகரமும் இராணுவத்தின் கைக்குப் போயின. பெப்ரவரி 8 ஆம் திகதி லொஸ் ஏஞ்சலிஸில் கிராமி விருது விழா. நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்த மாதங்கி அமெரிக்காவின் முன்னணி ரப் பாடகர்கள் நால்வருடன் மேடையில் பாடினார். 'பேப்பர் பிளேன்ஸ்' அந்த வருடத்தின் சிறந்த ஒலிப்பதிவுக்கான பரிந்துரையில் இருந்தது. ஏ.ஆர். ரஹ்மானுடன் செய்த பாட்டுக்காக ஒஸ்கார் பரிந்துரையும் கிடைத்திருந்தது. அந்த நாட்களில் எனக்குப் பதினாறு வயது. தறப்பாளும் மண்மூட்டையும் கொண்டு போட்ட பங்கருக்குள், இருந்த பற்றரிகளை வெயிலில் காயவைத்து, இரவில் பிபிசி தமிழோசை மட்டும் கேட்டோம். அதற்கு மேல் கேட்கப் பற்றரி இல்லை.

அந்த வாரங்களில் அமெரிக்கத் தொலைக்காட்சிகளில் பாட்டைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் அவர் வன்னியில் நடப்பதைச் சொன்னார், இனப்படுகொலை என்ற சொல்லைப் பயன்படுத்தினார். இலங்கை அரசாங்கத் தரப்பு அவரைப் புலி ஆதரவாளர் என்றது. இசைத்துறையின் உச்சத்தில் இருக்கும் ஒருவர் தனக்கு நட்டம் தரக்கூடிய ஒன்றைப் பேசினார் என்பதை மறுக்க முடியாது. 2010 இல் நியூயோர்க் ரைம்ஸ் சஞ்சிகையில் வந்த நீண்ட கட்டுரை, அவர் விலையான உருளைக்கிழங்குப் பொரியல் சாப்பிட்டுக்கொண்டு போராட்டம் பேசுகிறார் என்ற தோரணையில் எழுதியது. மேற்குலகில் பலருக்கு இன்றும் ஞாபகம் இருப்பது அந்தப் பொரியல்தான், மாத்தளன் அல்ல.

எனக்கும் அவர்மீது ஒரு விமர்சனம் இருக்கிறது, அது வேறு விதமானது. முதல் அல்பத்தின் அட்டையில் புலியும் துப்பாக்கியும் டாங்கியும் பல நிறங்களில் அச்சாகியிருக்கின்றன. லண்டனில் அது ஒரு வடிவமைப்பு. எங்கள் வீட்டில் அது பெருமையாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது. வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று கேட்ட காலத்தில், படித்துக்கொண்டிருந்த அக்காவுக்கு அம்மா ஒரு கிழமைக்குள் கலியாணம் செய்துவைத்தார். அக்கா இன்றுவரை அதைப் பற்றிப் பேசுவதில்லை. வன்னியில் இருந்தவர்களுக்கு இரண்டு பக்கப் பயமும் தெரியும். தூரத்திலிருந்து கட்டிய பாட்டில் அந்த இரண்டாவது பயத்துக்கு இடம் கிடைக்கவில்லை. ஆனால், பத்து வயதில் யாழ்ப்பாணத்தை விட்டுப் போன ஒருவரிடம் 2008 இன் வன்னியை முழுதாக எதிர்பார்ப்பது நியாயமா என்றும் யோசிக்கிறேன். தனக்குத் தெரிந்ததை அவர் பாடினார். மிச்சத்தைச் சொல்லவேண்டியவர்கள் நாங்கள்.

பின்னர் வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 2010 இல் 'மாயா', 2013 இல் 'மாதங்கி', 2016 இல் தன் பெயரைத் திருப்பிப்போட்ட 'எய்ம்', 2022 இல் 'மாதா'. 2012 இல் அமெரிக்க சூப்பர் போல் இறுதிப்போட்டியின் இடைவேளையில் மடோனாவுடன் பாடும்போது நடுவிரலைக் காட்டினார். கால்பந்து லீக் 1 கோடியே 66 இலட்சம் டொலர் வரை கேட்டது. 2014 இல் விடயம் சமரசத்தில் முடிந்தது. 2018 இல் அவரைப் பற்றிய ஆவணப்படம் சன்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. 2019 இல் பிரித்தானிய அரசு எம்.பி.ஈ. பட்டத்துக்கு அவர் பெயரை அறிவித்தது. அந்தப் பதக்கங்களின் நாடாவைக் கையால் தைக்கும் வேலையைத் தன்னுடைய தாய் முப்பது வருடங்களுக்கு மேலாகச் செய்துவந்தார் என்று அப்போது அவர் எழுதினார். அதே வருடக் கடைசியில் அருளர் காலமானார்.

அவருடைய மேடைப் பெயரை நான் கடைசியாக வைத்திருக்கிறேன். எம்.ஐ.ஏ. என்றால் ஆங்கிலத்தில் போர்க்களத்தில் காணாமல் போனவரைக் குறிக்கும் சொற்களின் முதலெழுத்துகள். லண்டனின் அக்டன் பகுதியில் இருந்த காலத்தில், இலங்கையில் காணாமல் போன தன் வயதுச் சொந்தக்காரர் ஒருவரைத் தேடியதிலிருந்து வந்த பெயர் என்று அவர் சொல்லியிருக்கிறார்.

கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். இந்தக் கட்டுரைக்காக அங்கே வரும் ஓர் அம்மாவிடம் அந்தப் பெயரின் அர்த்தத்தைச் சொன்னேன். பாட்டைப் போட்டுக் காட்டவில்லை. அந்தச் சூட்டுச் சத்தத்தை அவருக்குக் கேட்கவைக்க எனக்கு மனம் வரவில்லை. அவர் கொஞ்சநேரம் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"அந்தப் பிள்ளை தேடின ஆள் கிடைச்சுதோ?"

வெளிநாட்டு ஊடகவியலாளருக்குச் சொல்ல முடியாமல் போன பதில் எனக்கு அப்போதுதான் கிடைத்தது. இங்குள்ள மக்களுக்குப் பாடகியைத் தெரியாது. ஆனால், அந்தப் பெயரைத் தெரியும்.