'கோவை'க்கு நாலு எழுத்தா? பைத்தான் போடும் புதுக் கணக்கு!

'கோவை'யில் எத்தனை எழுத்து? ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகூட 'ரெண்டு' என்று சொல்லிவிடும். பைத்தான் என்ற புரோகிராமிங் மொழியில், நீளத்தை அளக்கும் 'லென்' கட்டளையிடம் கேட்டால், 'நான்கு' என்கிறது. 'கொங்கு' என்று கொடுத்தால் ஆறு!

பைத்தான் சொல்வது பொய்யல்ல. யூனிகோடு முறையில் 'க' தனி, அதோடு ஒட்டும் 'ஓ'காரக் குறி தனி. 'ங்' மேலே இருக்கும் புள்ளிக்கும் ஓர் எண்ணிக்கை உண்டு. 'லென்' எண்ணுவது இவற்றைத்தான்.

இதைச் சொல்லித்தர வேண்டியது பைத்தானின் ஸ்டாண்டர்டு லைப்ரரி கையேடு. ஆனால், 'லென்' பற்றி அதில் இருப்பது சில வரிகள் மட்டுமே. 'உறுப்புகளின் எண்ணிக்கையைத் தரும்' என்கிறது, உதாரணம் இல்லை. யூனிகோடுக்கென்று தனி வழிகாட்டி இருக்கிறது. அங்கே விளக்குவதோ, தொப்பி போட்ட ஐரோப்பிய எழுத்தை வைத்து! தமிழ்வழியில் ப்ளஸ் டூ கணினி அறிவியல் படிக்கும் மாணவருக்கு, ஆங்கிலத்தில் இருக்கும் அந்தப் பக்கத்தைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. அதற்குள் தப்பு தன்னுடையது என்றே நினைத்துவிடுவார்.

'எழில்' என்ற தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை, 'ஓப்பன் தமிழ்' என்ற லைப்ரரியையும் தந்திருக்கிறார். அதிலுள்ள 'கெட் லெட்டர்ஸ்' கட்டளை 'கோ', 'வை' என்று சரியாகப் பிரித்துக் கொடுத்துவிடும்.

பைத்தான் கையேட்டுக்குத் தேவை, 'கோவை' போல ஒரே ஓர் உதாரணம். அதன் மூலப்பிரதி கிட்ஹப்பில் திறந்தே இருக்கிறது. திருத்தத்தை யார் வேண்டுமானாலும் அனுப்பலாம், பரிசீலித்துச் சேர்ப்பார்கள். மொழிபெயர்ப்புகளுக்கும் 2017-லேயே முறையான வழி வகுத்துவிட்டார்கள்.