வீட்டிற்கு ஏற்ற கணிப்பொறி

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

1971ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் 4004 என்னும் செயலியை வெளியிட்டபோது, அதனுள் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. இன்று நம் வீட்டு மேசைக்கு வரும் செயலியிலோ அவை கோடிக்கணக்கில் உள்ளன. அறிவியலின் இவ்வளர்ச்சி வியப்பிற்குரியது. ஆனால் வளர்ச்சி பெருகப் பெருக, வாங்கச் செல்பவரின் குழப்பமும் பெருகிவிட்டது. அக்குழப்பத்தில் சிக்கிப் பணம் இழந்தவள் என்ற தகுதியோடு இக்கட்டுரையை எழுதுகிறேன்.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சென்ற ஆண்டு என் தாயார் மகளிர் சுய உதவிக் குழுவில் முப்பதாயிரம் ரூபாய் கடன் வாங்கி, “உனக்கும் தம்பிக்கும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்க” என்று கையில் கொடுத்தார். நானும் ஒரு கடைக்குச் சென்றேன். “ஐ7 மெஷின், இதுக்கு மேல கிடையாது” என்றார் கடைக்காரர். ஐந்தைவிட ஏழு பெரிது, மூன்றைவிட ஏழு மிகப் பெரிது என்பது என் கணக்கு. இரண்டாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டு மகிழ்ச்சியோடு திரும்பினேன்.

மறுநாள் எங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். “ஐ7 சரிம்மா, அதுக்குப் பின்னாடி என்ன நம்பர்?” என்று கேட்டார். ரசீதைப் பார்த்தேன். 4770 என்றிருந்தது. அவர் சிரிக்கவில்லை. “இது 2013-இல் வந்தது” என்று மட்டும் சொன்னார். அந்த முன்பணம் திரும்பி வரவில்லை. “படிக்கிற உனக்கே புரியலைன்னா எங்களுக்கு எங்கடி புரியும்?” என்று அம்மா கேட்ட கேள்விக்கு விடை தேடியபோது நான் அறிந்துகொண்டவை கீழ்வருவன.

பெயரும் எண்ணும்

ஐ3, ஐ5, ஐ7 என்பவை ஒரே தலைமுறைக்குள் உள்ள படிநிலைகளையே குறிக்கும். எந்தத் தலைமுறை என்பதைப் பின்னால் வரும் எண்தான் சொல்லும். 4770 என்பதில் முதல் இலக்கமாகிய 4, நான்காம் தலைமுறை. 12100 என்பதில் முதல் இரண்டு இலக்கங்களாகிய 12, பன்னிரண்டாம் தலைமுறை.

இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம். 2013-இல் வந்த ஐ7-4770-இல் நான்கு கோர்கள், எட்டு திரெட்கள். 2022-இல் வந்த ஐ3-12100-இலும் அதே நான்கு, அதே எட்டு. அடிப்படை வேகம் முன்னதில் 3.4 கிகாஹெர்ட்ஸ், பின்னதில் 3.3. எண்ணை மட்டும் பார்த்தால் பழையதே வெல்லும்! ஆனால் ஒவ்வொரு துடிப்பிலும் புதிய செயலி செய்து முடிக்கும் வேலை மிக அதிகம். பழையது 84 வாட் மின்திறனுக்கும் புதியது 60 வாட் அடிப்படை மின்திறனுக்கும் வடிவமைக்கப்பட்டவை. மேலும் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் அதிகாரபூர்வமாக ஏற்கும் பட்டியலிலோ நான்காம் தலைமுறைக்கு இடமில்லை.

பழைய பொறி பயனற்றது என்பது இதன் பொருளன்று. அதற்குரிய குறைந்த விலையில் கிடைத்தால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் இயக்க முறைமையைப் போட்டுப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம். பழையதைப் பழையதென்று அறிந்து வாங்க வேண்டும் என்பதே என் கருத்து.

எண்ணின் இறுதியில் வரும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். ஐ3-12100எஃப் என்றிருந்தால் அதில் திரையில் படம் காட்டும் கிராபிக்ஸ் பகுதி இயங்காது. தனியே கிராபிக்ஸ் கார்டு வாங்கியாக வேண்டும். ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 5600-இலும் அப்பகுதி இல்லை. 5600ஜி என்பதில் உண்டு. ஒரே ஓர் எழுத்தைக் கவனியாமல் விட்டால், வீட்டிற்கு வந்து பொருத்திய பின் திரை இருண்டே கிடக்கும்.

பந்தி நிற்கும் இடம்

செயலி ஒன்றே கணிப்பொறி ஆகிவிடாது. என் தந்தையார் திருமண வீடுகளில் சமையல் உதவியாளராக வேலை செய்பவர். நான் இவற்றையெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் குறுக்கிட்டு, “மாஸ்டர் எவ்வளவு கெட்டிக்காரரா இருந்தாலும், ஸ்டோர் ரூமிலிருந்து சாமான் வரலைன்னா பந்தி நின்னுடும்” என்றார். இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்ல முடியாது என்று எனக்குத் தோன்றியது.

செயலி என்பவர் சமையல் மாஸ்டர். ராம் என்பது அவர் எதிரே உள்ள மேடை. ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்.எஸ்.டி. என்பது சாமான் அறை. மேடை சிறிதாயின் அடிக்கடி சாமான் அறைக்கு ஓட வேண்டும். சாமான் அறையும் தொலைவில் இருந்தால் மாஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்.

இதை இயற்பியல் கணக்காகவும் பார்க்கலாம். ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்திற்கு 7,200 முறை சுற்றுகிறது. அதாவது நொடிக்கு 120 சுற்றுகள். ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி. வேண்டிய இடம் ஊசிமுனைக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். ஊசிக்கை நகரும் நேரம் வேறு. எஸ்.எஸ்.டி.யில் சுழலும் பகுதியே இல்லை. ஒரு மில்லி நொடிக்கும் மிகக் குறைந்த நேரத்தில் தகவல் வந்துவிடும். ஆதலால் ஐ7-உம் ஹார்ட் டிஸ்க்கும் உள்ள பொறியைவிட, ஐ3-உம் எஸ்.எஸ்.டி.யும் உள்ள பொறி நம் அன்றாட வேலைகளில் விரைவாக எழுந்து நிற்கும்.

ராம் விஷயத்தில் இரண்டு செய்திகள். ஒன்று, டி.டி.ஆர்.4-க்கான மதர்போர்டில் டி.டி.ஆர்.5 பொருந்தாது, வெட்டுப்பள்ளம் இருக்கும் இடமே வேறு. மற்றொன்று, டி.டி.ஆர்.4-3200 வகையில் ஒரு துண்டு, நொடிக்கு 3,200 மில்லியன் முறை, முறைக்கு 8 பைட் என 25.6 ஜி.பி. வரை கடத்தவல்லது. இரு துண்டுகளை இரு வழிகளில் பொருத்தினால் அது இருமடங்காகும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத பொறி, திரைக்கு வேண்டிய நினைவகத்தையும் ராமிலிருந்தே எடுத்துக்கொள்வதால், அதற்கு இது பெரிதும் உதவும்.

மதர்போர்டை வாங்கும்போது செயலி அமரும் சாக்கெட்டைப் பார்க்க வேண்டும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைகள் எல்.ஜி.ஏ. 1700 என்ற சாக்கெட்டில் அமர்பவை. ரைசன் 5 5600ஜி அமர்வது ஏ.எம்.4-இல்.

பலரும் மறக்கும் பெட்டி

பணம் குறையும்போது எல்லோரும் முதலில் கை வைப்பது எஸ்.எம்.பி.எஸ். என்னும் மின்வழங்கியின் மீதுதான். 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரமாக மாற்றித் தருவது அதுவே. அது பழுதானால் தான் மட்டும் போகாமல், பக்கத்தில் இருப்பவற்றையும் உடன் அழைத்துச் செல்லக்கூடும். 80 பிளஸ் முத்திரை உள்ளதை வாங்குதல் நலம். பாகங்களுக்கு 80 வாட் தேவைப்பட்டு, எஸ்.எம்.பி.எஸ். 80 விழுக்காடு திறனோடு இயங்கினால், சுவரிலிருந்து 100 வாட் எடுக்கும். நாளுக்கு நான்கு மணி நேரம் வீதம் 30 நாளைக்கு 12 யூனிட். மின்கட்டணத்தைப் பற்றி வீட்டில் கேட்டால் இக்கணக்கைச் சொல்லலாம்.

மின்வெட்டு உள்ள ஊரில் யூ.பி.எஸ்.ஸும், சரியான எர்த் இணைப்பும் கட்டாயம் வேண்டும்.

நாங்கள் வாங்கியது

இறுதியில் வீட்டில் எல்லோரும் அமர்ந்து, செய்ய வேண்டிய வேலைகளை முதலில் தாளில் எழுதினோம். எனக்கு ஆய்வகப் பதிவுகளும் பைத்தான் பயிற்சியும். தம்பிக்குப் பாடக் காணொளிகள். தந்தையாருக்குச் சமையல் கணக்கு. விளையாட்டுக்கான கிராபிக்ஸ் கார்டு அப்பட்டியலில் இல்லை. ஆகவே ஐ3-12100, எச்610 மதர்போர்டு, 8 ஜி.பி. ராம் ஒரு துண்டு, 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி., 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். ஆகியவற்றை வாங்கினோம். மானிட்டர் மட்டும் பழையது. மானிட்டர் என்று தெரிந்தே வாங்கிய பழையது! இரண்டாவது ராம் துளை இன்னும் காலியாக உள்ளது. அடுத்த உதவித்தொகை வந்ததும் அது நிரம்பும். ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ள முடிவதே மேசைக் கணிப்பொறியின் சிறப்பு.

விலைகள் மாதந்தோறும் மாறுவதால் அவற்றை இங்கே எழுதவில்லை. ஆனால் மாறாதவை சில உண்டு. முதலில் வேலையை எழுதுங்கள். செயலியின் முழு எண்ணைக் கேளுங்கள். ஒவ்வொரு பாகத்தின் முழுப் பெயரும் உத்தரவாதக் காலமும் உள்ள ரசீது வாங்குங்கள். அதைப் பார்க்கும் முன் முன்பணம் கட்டாதீர்கள்.

நண்பர்களே! நம்மில் பலர் வீட்டின் முதல் பட்டதாரிகள். கடைக்காரர் சொல்வது சரியா தவறா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நமக்கு அண்ணனோ அக்காவோ வீட்டில் இல்லை. ஆகவே நாம்தாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டும். என் தாயார் இன்னும் மாதத் தவணை கட்டி வருகிறார். அதில் வீணான இரண்டாயிரம் ரூபாய், இதைப் படிக்கும் ஒருவருடைய இரண்டாயிரத்தையாவது காப்பாற்றினால், அது வீண் செலவன்று. எனக்கும் அவருக்குமாகக் கட்டிய கல்விக் கட்டணம் என்றே கொள்வேன்.