காசு நம்மளுது... படம் யாருது?

காசு கொடுத்து வாங்கின படத்தைப் பார்க்க முடியாம முழிச்ச அனுபவம் இருக்கா உங்களுக்கு? எனக்கு இருக்கு. அதுவும் ஒரே வாரத்தில் ரெண்டு தடவை!

எங்க ஊர் போடிநாயக்கனூர். அப்பத்தா இருப்பது மலைக்கு மேலே, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டத்து லயத்தில். அங்கே செல்போன் சிக்னல் எப்பவாவது வந்து போற விருந்தாளி. 'லீவுக்கு வரும்போது கார்ட்டூன் படம் கொண்டு வர்றேன்'னு லயத்துப் பசங்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன்.

கையில் சரக்கு இருந்தது. அமெரிக்காவிலிருந்து வந்த சித்தப்பா கொடுத்த ப்ளூ-ரே பெட்டி. என் லேப்டாப்பில் டிஸ்க் போடவே வழியில்லை. ஆனா உள்ளே ஒரு துண்டுச்சீட்டு, அதில் டிஜிட்டல் காப்பிக்கான கோடு! ஒவ்வொரு எழுத்தா பார்த்துப் பார்த்து அடிச்சேன். 'மன்னிக்கவும், உங்கள் நாட்டில் இந்த வசதி இல்லை.' போதாக்குறைக்கு, சீட்டின் அடியில் பொடி எழுத்தில் இருந்த கெடு தேதியும் எப்பவோ தாண்டியிருந்தது.

ரோஷம் வந்து, அதே படத்தை ஒரு ஆப்பில் காசு கட்டி 'வாங்கினேன்'. டவுன்லோடும் ஆச்சு. போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறிப் போய், வாண்டுகள் சூழ உட்கார்ந்து, ப்ளே பட்டனைத் தட்டினால்... 'உரிமத்தைச் சரிபார்க்க இன்டர்நெட்டில் இணையவும்'!

அப்பத்தா கேட்டுச்சு: "ஏன்டா தம்பி, காசு குடுத்துத்தானே வாங்குன? இன்னும் யார்ட்டடா கேக்கணும்?"

நியாயமான கேள்விதானே! போடியில் ஸ்பைசஸ் போர்டு ஏலத்தில் ஒருத்தர் ஏலக்காயை எடுத்துட்டா, அது அவர் சரக்கு. அடுத்த வருஷம் யாரும் வந்து திருப்பிக் கேட்க மாட்டாங்க. டிஜிட்டல் படம் அப்படி இல்லை. நாம வாங்குறது படத்தை இல்லை, அதைப் பார்க்கும் அனுமதியை! ஃபைல் நம்மிடம், பூட்டின் சாவி கம்பெனி சர்வரில். நாட்டுக்கு நாடு வெளியீட்டு உரிமை வேற வேற ஆட்களிடம் இருப்பதால், அங்கே வாங்கின கோடு இங்கே செல்லாக்காசு. 'பூட்டை உடைச்சிடலாமா'ன்னு யோசிக்காதீங்க பாஸ்... உரிமையை மீறும் நோக்கத்தோடு உடைத்தால், காப்புரிமைச் சட்டத்தில் 2012-ல் சேர்த்த 65ஏ பிரிவின்படி 2 வருஷம் வரை உள்ளே!

அமெரிக்கர்களும் அடி வாங்கியிருக்காங்க. டிஸ்க்கோடு வரும் கோடுகளைச் சேர்த்து வைக்க 2011-ல் பெரிய ஸ்டூடியோக்கள் கூடி 'அல்ட்ராவயலெட்' ஆரம்பிச்சாங்க. 2019 ஜூலை 31-ல் இழுத்து மூடிட்டாங்க. கணக்கை வேறு கடைகளோடு இணைத்து வைத்தவர்கள்தான் தப்பினார்கள். 2025 ஜனவரி முதல் கலிஃபோர்னியாவில் ஒரு சட்டம்... விற்பது அனுமதி மட்டும்தான்னா, வாங்கும்போதே அதைத் தெளிவாச் சொல்லணும்!

நம்ம பக்கம் வாங்க. 2007-ல் மோசர் பேர் நிறுவனம் 28 ரூபாய்க்கு விசிடி, 34 ரூபாய்க்கு டிவிடி விற்றது. 2015-ல் இயக்குநர் சேரன் 'சி2ஹெச்' மூலம் 50 ரூபாய்க்குப் புதுப்பட டிவிடியை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்தார். மோசர் பேர் 2018-ல் திவாலாகிக் கலைப்புக்குப் போயிடுச்சு. ஆனா அந்த டிஸ்க்கு?

'வாங்கு' பட்டனைத் தட்டும் முன் நாலே நாலு செக்...

* கோடு நம்ம நாட்டில் செல்லுமா?
* கெடு தேதி என்ன?
* டவுன்லோடு எத்தனை நாள் தாங்கும்? நெட்டே இல்லாம ஓடுமா?
* கம்பெனி கடையை மூடினா என்ன வழி?

அன்னிக்கு என்னாச்சுன்னு கேக்குறீங்களா? பக்கத்து வீட்டு டிவிடி பிளேயரைத் தூசி தட்டி, அப்பத்தா பெட்டியில் கிடந்த பழைய 34 ரூபாய் டிஸ்க்கைப் போட்டோம். கீறல் விழுந்த இடத்தில் ரெண்டு தடவை திக்குச்சு. ஆனா யார்கிட்டேயும் அனுமதி கேக்கலை!