விதைநெல்லை அவசரப்பட்டுக் குத்தாதீங்க



வழக்கமா உரம், பூச்சிமருந்து பத்திப் பேசுறவன், இன்னைக்கு வீட்டுக் கணக்கு ஒன்றைப் பேச வந்திருக்கிறேன். அடல் பென்ஷன் திட்டத்தில் பணம் கட்டி வந்த வீட்டுக்காரர், 60 வயதுக்கு முன்பே காலமாகிவிட்டார். அந்தப் பணத்தை மனைவி உடனே எடுப்பதா, விட்டு வைப்பதா?

வழி இரண்டு உண்டு. சேர்ந்த தொகையை வாங்கிக் கணக்கை முடிக்கலாம். அல்லது மீதித் தவணையை மனைவியே கட்டி வரலாம். அப்படிக் கட்டினால், கணவருக்கு 60 நிறைய வேண்டிய காலத்திலிருந்து அதே பென்ஷன் மனைவிக்கு ஆயுள் முழுக்க வரும். இதற்கு மனைவியின் வயது கணக்கில்லை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் 2015-இல், 40 வயதில், மாதம் 3,000 ரூபாய் பென்ஷனுக்குச் சேர்ந்தார். தவணை மாதம் 873 ரூபாய். 2025-இல் இறந்துவிட்டார். பத்து வருஷத்தில் கட்டியது 1,04,760 ரூபாய். இன்னும் பத்து வருஷம் கட்ட வேண்டியதும் அதே அளவுதான். 2035 முதல் அந்த அம்மாவுக்கு வருஷம் 36,000 ரூபாய் வரும். கட்டிய முதல் முழுவதும் ஆறு வருஷத்துக்குள் கைக்கு வந்துவிடும். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுதாரருக்கு 5,10,000 ரூபாய் உண்டு.

காரியம் முடிந்த கையோடு, "எடுத்துக் கடனை அடைச்சிடு"ன்னு சொந்தக்காரங்க சொல்லுவாங்க. கந்துவட்டி கழுத்தை நெரிக்கிறது, தவணை கட்ட வழியே இல்லை என்றால் எடுப்பது தப்பில்லை. ஆனால் வங்கியில் இரண்டு வழியையும் கேட்ட பிறகே கையெழுத்துப் போடுங்க, தாய்மார்களே.

முடிவுக்கு நிதானம் வேணும். காகிதத்துக்கு அவசரம் வேணும். இறப்பை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. ஒரு வருஷம் தாண்டினால் அதிகாரியின் உத்தரவுக்கு அலைய வேண்டும். கணவரின் பாஸ் புத்தகத்தில் வருஷம் 436 ரூபாய் பிடித்திருக்கிறதா என்றும் பாருங்க. அது ஜீவன் ஜோதி காப்பீடாக இருந்தால் 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். 30 நாளுக்குள் மனுக் கொடுப்பது நல்லது. அந்தப் பணம் வந்தால் பென்ஷனைத் தொடாமலே கடனைச் சமாளிக்கலாம்.

ஆண்களே, இன்று ராத்திரியே பாஸ் புத்தகம் இருக்கும் இடத்தை வீட்டுல சொல்லி வையுங்க.