தட்டினால் விழிக்கும் பொம்மைகள்

வெளிநாட்டில் தம்பியோ, கொழுந்தனோ, அண்ணன் மகனோ இருக்கும் வீடா உங்களுடையது? அப்படியானால் இந்தப் பொம்மை இன்றைக்கில்லாவிட்டாலும் நாளைக்கு உங்கள் வீட்டு வாசற்படி ஏறி வரத்தான் போகிறது. எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் சிங்கப்பூர், துபாய் போன ஆள் ஒருத்தராவது இல்லாத தெருவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முன்பெல்லாம் லீவில் வருகிறவர்கள் கோடாலித் தைலமும் சென்ட் பாட்டிலும் கொண்டுவருவார்கள். பெரியவர்களுக்குச் சந்தோஷம். இப்போது பெட்டியைத் திறக்கும் முன்பே வாண்டுகள் சூழ்ந்துகொண்டு, "மாமா, அமீபோ எங்கே?" என்று கேட்கிறார்கள்.

அமீபோவா? ஏதோ தண்ணீரில் வரும் கிருமியின் பேர் மாதிரி இருக்கிறதே என்று நானும் முதலில் சிரித்தேன். பிறகு மகனிடம் பாடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அம்மாமார்களுக்கு உபயோகப்படுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

அப்படி என்ன பொம்மை?

பார்த்தால் சாதாரணப் பிளாஸ்டிக் பொம்மைதான். சாண் உயரம்கூட இல்லை. அடியில் வட்டமாக ஒரு பீடம். மேலே வீடியோ கேமில் வரும் ஆள் ஒருத்தர் நிற்பார். முறுக்கு மீசையும் சிவப்புத் தொப்பியுமாக மாரியோ. பஞ்சுமிட்டாய் நிறத்தில் உருண்டையாகக் கிர்பி. கையில் வாளோடு லிங்க். யோகாசனம் சொல்லித்தரும் ஒரு அம்மாள்கூட இருக்கிறாள். எனக்குப் பிடித்தது அவளைத்தான்.

இந்தப் பொம்மையை விளையாட்டுக் கருவியின் மேல் ஓர் இடத்தில் தொட்டால் போதும், திரைக்குள் ஏதாவது நடக்கும். கார்ப் பந்தய விளையாட்டில் மாரியோவைத் தட்டினால், நம் பிள்ளையின் ஆளுக்கு மாரியோ உடுப்பு கிடைக்கும். செல்டா என்ற கதையில் தட்டினால், வானத்திலிருந்து பழமும் மீனும் இறைச்சியும் விழும். பொம்மைக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவைதான். சண்டை விளையாட்டிலோ, பொம்மை ஆள் நம் பிள்ளையோடு மோதி மோதிப் பழகி, படிப்படியாக 50-ஆவது நிலை வரை தேர்ச்சி பெறுவான்.

இந்த வகைப் பொம்மைகளுக்கு உலகம் முழுவதும் மவுசு வந்தது 2011-ல். ஆக்டிவிஷன் என்ற அமெரிக்கக் கம்பெனி 'ஸ்கைலேண்டர்ஸ்' என்ற விளையாட்டைக் கொண்டுவந்தது. ஒரு மேடை மாதிரியான தட்டின் மேல் பொம்மையை நிறுத்தினால் திரையில் அது குதித்து வரும். அது சேர்த்த பொற்காசு, கற்ற வித்தை எல்லாம் பொம்மையிலேயே பதிவாகும். சிநேகிதன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போனால், அங்கேயும் விட்ட இடத்திலிருந்து விளையாடலாம். அப்புறம் 2013-ல் 'டிஸ்னி இன்ஃபினிட்டி', 2014 நவம்பரில் ஜப்பானின் நின்டெண்டோ கம்பெனி விட்ட 'அமீபோ', 2015-ல் 'லெகோ டைமென்ஷன்ஸ்' என்று வரிசையாக வந்தன.

பொம்மைக்குள் என்ன இருக்கிறது?

பேட்டரி ஏதும் இல்லை. பீடத்துக்குள் நகக்கண் அளவுகூட இல்லாத ஒரு சில்லும், அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருளும் இருக்கின்றன. அவ்வளவுதான். விளையாட்டுக் கருவியிலிருந்து வரும் ரேடியோ அலையைக் கம்பிச் சுருள் வாங்கிக்கொள்ளும். அதிலேயே சில்லுக்கு வேண்டிய மின்சாரமும் கிடைத்துவிடும். உடனே சில்லு, "நான் மாரியோ" என்று தன் எண்ணைச் சொல்லும். சென்னை மெட்ரோ ரயிலில் அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறதே, அதே சமாச்சாரம்தான்!

அந்தச் சில்லில் மொத்தம் 540 பைட் இடம். தமிழில் எழுதினால் ஒரு பாதி தபால் கார்டு நிரம்புமோ என்னவோ. அதிலே மாரியோவின் படமும் பாட்டும் எங்கே இருக்க முடியும்? அதெல்லாம் விளையாட்டுக்குள் இருக்கின்றன. பொம்மையிடம் இருப்பது ஒரு சாவியும் ஒரு துண்டுச் சீட்டும் மட்டும். அமீபோவில் ஒரே சமயத்தில் ஒரு விளையாட்டின் குறிப்பைத்தான் எழுதி வைக்க முடியும். இன்னொன்றுக்கு எழுத வேண்டுமென்றால் பழையதை அழிக்க வேண்டும்.

அதாவது சகோதரிகளே, பொம்மையின் உயிர் பொம்மையில் இல்லை! கதையில் ஏழு கடல் தாண்டி, ஏழு மலை தாண்டி, கிளிக்குள் அரக்கன் உயிர் இருக்கும் என்பார்களே, அது மாதிரி. வாங்கப் போகிறவர்கள் மனசில் வைக்க வேண்டிய விஷயம் இதுதான்.

வாய் மூடிய பொம்மைகள்

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உயிரை வைத்திருக்கிற கம்பெனிகள் கடையைக் கட்டிவிடுவதுண்டு. 'டிஸ்னி இன்ஃபினிட்டி'யை 2016 மே மாதம் நிறுத்துவதாக அறிவித்தார்கள். 'ஸ்கைலேண்டர்ஸ்' வரிசையின் கடைசிப் பெரிய விளையாட்டு வந்ததும் அதே 2016-ல். 'லெகோ டைமென்ஷன்ஸ்' 2017-ல் முடிந்தது. இவற்றில் அமீபோ ஒன்றுதான் தாக்குப்பிடித்தது. 2025-ல் வந்த புதுக் கருவியிலும் அது வேலை செய்கிறது.

என் தம்பி சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். அங்கே தெரிந்த ஒரு வீட்டில் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்களாம். "ஊருக்குத்தானே போறே, எடுத்துக்கிட்டுப் போ" என்று ஒரு பை நிறையப் பழைய ஸ்கைலேண்டர்ஸ் பொம்மைகளைக் கொடுத்திருக்கிறார்கள். மேடையும் இல்லை, விளையாட்டும் இல்லை. என் மகன் தன்னிடமிருந்த கருவியில் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தான். ஒன்றும் பேசவில்லை. "எல்லாம் செத்துப்போச்சும்மா" என்று அவன் சொன்னபோது எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது.

என் மாமியார் மட்டும் அசரவில்லை. "கழுவக் கூடாதாக்கும்? சரி, துடைச்சு வை. நவராத்திரிக்கு ஆகும்" என்றார். கொலுவில் கீழே பார்க்கு போடுவோமில்லையா, அங்கே செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் டிராகனும் மீன் வீரனும் நின்றார்கள். சுண்டல் வாங்க வந்த பிள்ளைகள், "இது யாரு? அது யாரு?" என்று துளைத்ததில், என் மகனே கதை கட்டிச் சொல்ல ஆரம்பித்தான். மீன் வீரன் புதுக்குளத்தில் பிறந்தவனாம்! "பாத்தியா, உசிரு வந்துருச்சு" என்றார் அப்பத்தா. மண் பொம்மையோ பிளாஸ்டிக் பொம்மையோ, அதற்குப் பேச்சு நம் வாயிலிருந்துதானே வர வேண்டும்?

எங்கள் ஊர் அம்மன் காசை எடுத்துக்கொள்ளுங்கள். சமஸ்தானம் இருந்த நாளில், நவராத்திரியில் அரிசியோடு சேர்த்து ஏழைகளுக்கு வழங்கிய சின்னச் செப்புக் காசு அது. ஒரு பக்கம் திருக்கோகர்ணம் பிரகதாம்பாள். மறுபக்கம் தெலுங்கில் 'விஜய' என்ற எழுத்து. 1948-ல் சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்தது. இன்று அந்தக் காசுக்குக் கடையில் ஒரு வெற்றிலைகூடத் தர மாட்டார்கள். ஆனாலும் அஞ்சறைப் பெட்டியிலும் பூஜை அறையிலும் அதைப் பத்திரமாக வைத்திருக்கும் வீடுகள் உண்டு. செல்லாமல் போன பிறகும் வைத்திருக்கத் தோன்றுகிற பொருள்தான் சேர்க்கத் தகுந்த பொருள்.

ஆசைக்கு ஏது அளவு?

ஒன்று வந்தால் இன்னொன்று கேட்கும். இது சேகரிப்பின் குணம். கம்பெனிக்காரர்களுக்கும் அது தெரியும். 2014 கடைசியில் சில அமீபோக்கள் வெளிநாட்டுக் கடைகளில் வந்த வேகத்தில் தீர்ந்துபோயின. நான் சொன்ன யோகா அம்மாளும் அதில் ஒருத்தி. வாங்கிப் பதுக்கியவர்கள் பல மடங்கு விலை வைத்து விற்றார்கள். மறுபடி தயாரித்து விட்டதும் அந்த விலை இறங்கிவிட்டது. காத்திருந்தவர்களுக்குக் காசு மிச்சம்!

எங்கள் வீட்டில் நாலாவது பொம்மை கேட்டபோது, நான் மகனைத் திட்டவில்லை. ஒரு தாளைக் கொடுத்து, "மாமாவுக்குப் போன் போட்டு ஒரு மணி நேர வேலைக்கு எவ்வளவு சம்பளம்னு கேளு. பொம்மை சுமார் 20 வெள்ளி. எத்தனை மணி நேரம் ஆகுதுன்னு வகுத்துப் பாரு" என்றேன். கேட்டான். வகுத்தான். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனில், "இந்தத் தடவை பொம்மை வேணாம் மாமா. நீங்க வாங்க, போதும்" என்றான். அந்தப் பக்கம் தம்பிக்குப் பேச்சு வரவில்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில யோசனைகள்

1. பிள்ளையிடம் உள்ள கருவியிலும் விளையாட்டிலும் அந்தப் பொம்மை வேலை செய்யுமா என்று முதலில் கேளுங்கள். பழைய பொம்மை மலிவாகக் கிடைக்கிறதே என்று மயங்க வேண்டாம்.

2. "இது இனிமேல் பேசாமல் போனாலும் அலமாரியில் வைத்துக்கொள்வாயா?" என்று கேளுங்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால் மட்டும் வாங்குங்கள்.

3. பிறந்த நாளுக்கு ஒன்று, முழுப்பரீட்சை லீவுக்கு ஒன்று என்று கணக்கு வையுங்கள். மதிப்பெண்ணுக்கு லஞ்சமாகக் கொடுக்காதீர்கள்.

4. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் பொம்மைகள் எட்டாத உயரத்தில் இருக்கட்டும். வாளோ வாலோ உடைந்தால் நேரே வாய்க்குத்தான் போகும். தொண்டையில் அடைத்துக்கொண்டால் ஆபத்து.

5. ஈரத் துணியோ சோப்புத் தண்ணீரோ வேண்டாம். உலர்ந்த மெல்லிய துணி போதும். வெயில் படும் ஜன்னலோரம் வைத்தால் சாயம் வெளுக்கும்.

6. பொம்மையைச் சாக்காக வைத்துத் திரை நேரம் கூடிவிடக் கூடாது. இரண்டு முதல் நாலு வயதுக் குழந்தைகளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் சொல்லியிருக்கிறது. பெரிய பிள்ளைகளானாலும் சாப்பாட்டு நேரத்திலும் படுக்கும் முன்பும் கருவியை எடுத்து வைத்துவிடுங்கள். பொம்மை தலைமாட்டில் தூங்கினால் தப்பில்லை!

இன்னொரு சின்ன யோசனையும் உண்டு. ஒவ்வொரு பொம்மையின் பெட்டி அட்டையிலும் ஒரு துண்டை வெட்டி, யார் கொடுத்தது, எந்த வருஷம், என்ன விசேஷம் என்று பிள்ளையின் கையாலேயே எழுதச் சொல்லிப் பத்திரப்படுத்துங்கள். கம்பெனியின் சில்லு 540 பைட்டோடு நின்றுவிடும். இந்தத் துண்டுச் சீட்டைப் பேரன் பேத்திகளும் எடுத்துப் படிப்பார்கள்.