வங்கக் கடலின் அடுக்குமாடி ரகசியம்!

மெரினாவில் நின்று பார்த்தால் ஒரே கடல், ஒரே தண்ணீர். நம்பிவிடாதீர்கள்! உள்ளே வங்கக் கடல் ஓர் அடுக்குமாடிக் கட்டடம். தளத்துக்குத் தளம் சூடு வேறு, உப்பு வேறு, வெளிச்சம் வேறு. வாருங்கள், எட்டிப் பார்த்துவிடலாம்!

சென்னையில் உள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனத்தின் 'சாகர் நிதி' போன்ற ஆராய்ச்சிக் கப்பல்களில் இப்படிக் கடலுக்குள் எட்டிப் பார்க்கும் வேலை நடக்கிறது. வட்டமாக நிறுத்திய குப்பிகள், கூடவே அளவுக் கருவிகள். எல்லாவற்றையும் ஒரே சட்டத்தில் பூட்டி, இரும்பு வடத்தில் கடலுக்குள் இறக்குகிறார்கள். சட்டம் இறங்க இறங்க, கப்பலில் உள்ள கணினித் திரையில் ஆழமும் வெப்பமும் உப்பும் கோடுகளாக ஓடுகின்றன. உப்பை எப்படி அளக்கிறார்கள் தெரியுமா? தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து! உப்பு கூடினால் மின்சாரம் தாராளமாகப் பாயும்.

சரி, அவ்வளவு உப்பும் எங்கிருந்து வந்தது? மழைத்துளி காற்றிலிருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அது பாறைகளைக் கரைக்க, சோடியமும் கால்சியமும் ஆற்றோடு கடலுக்குப் போகின்றன. குளோரைடின் பெரும்பங்கு பூமிக்குள்ளிருந்து எரிமலை வாயுக்களாக வந்தது. வெயில் கடலிலிருந்து தண்ணீரை மட்டும் ஆவியாக்கிக் கொண்டுபோகிறது. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. கால்சியத்தைச் சிப்பியும் பவளமும் ஓடு கட்ட எடுத்துக்கொள்கின்றன. சோடியத்துக்கும் குளோரைடுக்கும் அப்படி ஆள் இல்லை! கோடிக்கணக்கான ஆண்டுகள் கடலிலேயே சுற்றுகின்றன. அதனால்தான் ஒரு கிலோ கடல்நீரில் சராசரியாக 35 கிராம் உப்பு, அதில் 85 சதவீதத்துக்கு மேல் இவை இரண்டும்தான்.

இப்போது மாடிகளுக்கு வருவோம். சூடான நீர் லேசு, மேலே நிற்கும். உப்பு கூடிய நீர் கனம், கீழே போகும். இந்த இரண்டு விதிகளை வைத்துக்கொண்டு வங்கக் கடல் ஆடும் ஆட்டம் இருக்கிறதே, அபாரம்! கங்கை, பிரம்மபுத்திரா, ஐராவதி, மகாநதி, கோதாவரி எல்லாம் இங்கேதான் கொட்டுகின்றன. பருவமழை வேறு மேலே பொழிகிறது. மழைக்காலம் முடியும் நேரத்தில் வடக்குப் பகுதியின் மேல்நீரில் உப்பு 30 கிராமுக்கும் கீழே இறங்கிவிடும். லேசான அந்த நீர் மேல்மாடியில் குடியேறுகிறது. அக்டோபர், நவம்பரில் கரையோர நீரோட்டம் அதைத் தெற்கே நம் கரை வரைக்கும் அழைத்து வருகிறது.

கீழே போகப் போக வெப்பம் மளமளவென்று சரிகிறது. 200 மீட்டரைத் தாண்டினால் வெளிச்சம் பேருக்குத்தான். 2000 மீட்டரில் சுமார் 3 டிகிரிக் குளிர்! குளிர்காலத்தில் வடக்கே ஒரு வேடிக்கையும் உண்டு: மேல்நீர் குளிர்ந்து கிடக்க, அதற்கு அடியில் வெதுவெதுப்பான நீர்! குளிர்ந்தாலும் உப்புக் குறைவாக இருப்பதால் மேல்நீர் கீழே இறங்குவதில்லை.

இது வெறும் வேடிக்கை இல்லை. நம் உயிரோடு தொடர்புள்ள விஷயம். புயல்காற்று கடலைக் கலக்கினால் அடியிலுள்ள குளிர்நீர் மேலே வரும். வெப்பத்தை உண்டு வளரும் புயல் தளரும். ஆனால் உப்புக் குறைந்த மேல்மாடி இருக்கும் இடத்தில் அந்தக் கலக்கல் எளிதில் நடப்பதில்லை. மேல்நீர் சூடாகவே இருக்கிறது. புயலுக்குத் தீனி தொடர்ந்து கிடைக்கிறது. ஆகவே புயலைக் கணிக்கக் காற்றை அளந்தால் மட்டும் போதாது, உப்பையும் அளக்க வேண்டும்.

அளந்துகொண்டேதான் இருக்கிறார்கள்! உலகக் கடல்களில் சுமார் 4000 ஆர்கோ மிதவைகள் மிதக்கின்றன. பத்து நாளுக்கு ஒருமுறை 2000 மீட்டர் ஆழத்திலிருந்து அளந்தபடியே மேலேறி, செயற்கைக்கோளுக்குச் சேதி அனுப்புகின்றன. இந்தியாவின் மிதவைகளை ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் கவனித்துக்கொள்கிறது. அந்தத் தரவுகள் யாருக்கும் இலவசம். மாணவர்களே, ஒரு மிதவையின் கணக்கை எடுத்து நீங்களே கோடு வரைந்து பாருங்கள். வங்கக் கடலின் மாடிகளை உங்கள் கண்ணாலேயே எண்ணலாம்!